டீச்சர் கேட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை

நம் தீவின் மாயாபந்தர் கப்பல்துறையில் என் கடைக்கு வெங்காயம் இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. மூட்டை தூக்கும் பெங்காலிக்காரர், "ஸ்டெல்லா டீச்சர் நஹி ரஹீ, சேட்" என்றார். டீச்சர் இறந்துவிட்டார். அப்போதும் நான் சரக்கை இறக்கி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அது இன்னும் உறுத்துகிறது.

ஓய்வு பெற்ற பிறகும் சர்ச் வராந்தாவில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு அவர் தமிழ் சொல்லிக்கொடுத்தது உங்களுக்குத் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைகள் பாதி இந்தியில் யோசிப்பவர்கள். இந்தியில் நல்ல பையனும் அச்சா, நன்றாகப் பாடினாலும் அச்சா. அந்தப் பழக்கத்தில் என் மகள் ஒருநாள் கடையில், "ரோசி அழகான பாடுறா" என்றாள்.

உப்பு வாங்க வந்த டீச்சர் விடவில்லை. "அழகுங்கிறது பெயர்ச்சொல்லு. 'ஆன' சேத்தா பொருளோட போய் ஒட்டும், அழகான பாட்டு. அது பெயரடை. 'ஆக' சேத்தா செய்யிறதோட ஒட்டும், அழகாகப் பாடுறா. அது வினையடை."

"இதை வச்சு என்ன டீச்சர் பண்ண?" என்றேன்.

"வேகமான படகுன்னு விக்கிறவன் சொல்லுவான், அண்ணாச்சி. வேகமாப் போகுதான்னு ஏறினவனுக்குத்தான் தெரியும். நீங்க எந்த ஆளு?"

கடையே சிரித்தது.

வகுப்புக்கு வரும் பிள்ளைகள் குறைந்தபோது என்னிடம் ஒன்று கேட்டார். "ஒரு ஞாயித்துக்கிழமை காய்கறியோட வந்து பிள்ளைங்ககிட்ட பேரம் பேசுங்க. 'புதுசான', 'மலிவா' எல்லாம் உங்க வாயில தானா வரும். அதைப் பாக்கவாவது வருவாங்க. இல்லைன்னா வகுப்பை மூட வேண்டியதுதான்."

"கப்பல் வரட்டும் டீச்சர்" என்றேன். இந்தத் தீவில் எதைத் தள்ளிப்போடவும் நாம் சொல்வதுதான். கப்பல்கள் வந்தன, போயின. வேலை வெறும் சாக்கு. நான் எட்டாவதோடு நின்றவன். பிள்ளைகள் முன் தப்பாகப் பேசி மானம் போகுமோ என்று பயம். சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருப்பார்.

அடக்கத்துக்கு அடுத்த ஞாயிறு, மகளை விட்டு நாலு வீட்டில் சொல்லச் சொல்லி, தராசும் தக்காளியுமாகப் போனேன். கொஞ்சம் பிள்ளைகள்தான் வந்தார்கள்.

"சரியான நிறுங்க, அங்கிள்" என்றாள் ஒருத்தி.

"லூசு, சரியாடி! தராசுதான் சரியான தராசு. அங்கிள் சரியா நிறுக்கணும்!" என்றாள் இன்னொருத்தி.

இதைக் கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் இருந்தார்.

இனி ஞாயிறு காலை என் கடை மூடியிருக்கும். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வராந்தா வேலை. அவர் காதுபடச் செய்திருக்க வேண்டிய வேலை.