டவர் பஸால்

“மூணு ரொட்டி, பருப்புக் கறி. ஒறப்பு வேணாம். இப்ப நீங்க சொல்லுங்க.”

சாய்ந்தமருதில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் ஸிராஜ் சிரிக்காமல் திருப்பிச் சொல்கிறார்: “மூணு ரொட்டி, பருப்பு, ஒறப்பில்லாம.” அதைக் கேட்ட பிறகுதான் பஸால் மர வாங்கில் உட்காருகிறார். கடைக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் ஸிராஜ் முதல் நாளே சொல்லி வைப்பாராம்: “அவருக்கிட்ட ஓம் எண்டு மட்டும் சொல்லிராத. சொன்னா திரும்பவும் முதல்ல இருந்து தொடங்குவார்.”

ஐம்பத்து நான்கு வயது. ஒல்லியான உடம்பு, இஸ்திரி போட்ட சேர்ட், சாரன். வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் பதினெட்டு வருடம் விமானங்களுக்கு வழி சொன்னவர். ஊரில் ‘டவர் பஸால்’ என்பார்கள். அந்தப் பட்டத்தில் அவருக்குச் சம்மதமில்லை. “டவரில உள்ளாக்களுக்குக் கண்ணாடிக்குள்ளால பிளேன் தெரியும். நான் இருந்தது கீழ, இருட்டு ரூமுக்குள்ள. எனக்கு ராடார்ல ஒரு புள்ளி, ஒரு நம்பர், ஒரு குரல். அவ்வளவுதான்.”

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு காலை, ஒரே கம்பனியின் இரண்டு விமானங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கீழே வந்தது 427, மேலே வந்தது 472. கீழே வந்ததை இன்னும் இறங்கச் சொன்னார் பஸால். விதிப்படி விமானி ஒருவர் அந்தக் கட்டளையைத் தன் விமானத்தின் எண்ணோடு திருப்பிச் சொன்னார். சொன்னவர் 472இன் விமானி. பஸாலின் காதில் விழுந்தது 427. தனக்குச் சொன்னதில்லையாக்கும் என்று கீழே வந்த விமானி பேசாமல் இருந்துவிட்டார். மேலே வந்தது கீழே வந்ததன் மீது இறங்கத் தொடங்கியது. கடைசி நேரத்தில் இரண்டு விமானங்களிலும் எச்சரிக்கை மணி அடித்து, ஒன்று மூக்கைத் தூக்க, மற்றது சரிய, முந்நூறு அடி இடைவெளியில் தப்பின. உயிர்ச்சேதம் இல்லை. தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பணிப்பெண் ஒருத்தி மட்டும் கூரையில் மோதி விழுந்து முதுகெலும்பு முறிந்துபோனாள்.

விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். “நாலு தரம் போட்டாங்க. நாலு ஏழு ரெண்டு எண்டு செவிடனுக்கும் கேக்கும். காதுல பழுது எண்டா மருந்து எடுக்கலாம். பழுதில்ல. நான் எதிர்பாத்தத நானே கேட்டிரிக்கன்.”

பிழையை அவருக்கும் அந்த விமானிக்குமாகப் பங்கிட்டார்கள். மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு திரும்ப வேலைக்கு வரலாம் என்றார்கள். வந்து உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டினார். குரல் எழும்பவில்லை. அந்தக் கிழமையே ஊர் வந்து சேர்ந்தார். வந்தபின் ஒரு கூட்டாளி மூலம் அந்தப் பணிப்பெண்ணின் நம்பரைத் தேடி எடுத்து, ஒரே ஒரு தரம் பேசப் பார்த்தாராம். அவள் ஹலோ என்றாள். “ரோங் நம்பர் எண்டு சொல்லி வெச்சிட்டன்.”

குடியிருப்பது மனைவி ஜெனூபாவின் சீதன வீடு. கேஸ் சிலிண்டர், மகளின் ஸ்கூல் வான் வரும் நேரம், மருந்து வேளை எல்லாவற்றையும் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைப்பார். இரண்டு வருடம் பொறுத்துக்கொண்ட ஜெனூபா ஒரு நாள், “நான் ஒங்கட பைலட் இல்ல” என்றார். சண்டையெல்லாம் இல்லை. மகள் படிக்கக் கொழும்புக்குப் போனபோது துணைக்கென்று கூடப் போனவர், படிப்பு முடிந்தும் அங்கேயே இருக்கிறார். பெருநாளைக்கு வருவார். வெள்ளிக்கிழமைகளில் போன் வரும். “சாப்பிட்டீங்களா?” “சாப்பிட்டன்.” பிறகு, மற்றவர் வைக்கட்டும் என்று இருவரும் காத்திருப்பார்கள்.

இப்போது தினமும் பகல் லுஹர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்கு வருகிறார். அங்கே படகுக்காரர்களின் அறையில் ஒரு வயர்லெஸ் செட் இருக்கிறது. ஆழ்கடலில் நிற்கும் படகுகளோடு கதைக்க ஆள் வேண்டுமென்று கேட்டார்கள். சம்பளமில்லை. பஸால் மூன்று மாதம் யோசித்துத்தான் சம்மதித்தார்.

போன கார்த்திகையில் காற்று மாறிய ஒரு நாள், அந்த அறை நிறைய ஆட்கள். பகல் இரண்டு மணிக்கு இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது, படகு ‘நூருல் பஹ்ர்’. எல்லோருக்கும் அப்படித்தான் கேட்டது. பஸாலுக்கும் அப்படித்தான். பஹ்ர் போனது தெற்கே, ஒலுவில் பக்கம். ஆனால் வடக்கே கல்குடாவுக்கு வெளியே இன்னொரு படகு நின்றது. அதன் பெயர் நூருல் பஜ்ர்.

தெற்கே போக மூன்று படகுகள் ஆயத்தமாகிவிட்டன. பஸால் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த இரைச்சலில் பஹ்ரா என்று கேட்டால் எந்தப் படகிலிருந்தும் ஓம் என்றுதான் வரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பெயரைச் சொல்லாமல், “போட்டில உள்ளாக்கள்ட பேரச் சொல்லுங்க” என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பஹ்ர் படகுக்காரரின் மனைவி ஜுனைதா அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினார். “என்ட மனிசன் கடல்ல தாண்டு போறார். நீங்க பேர் கேட்டுட்டு இரிக்கீங்க.” பஸால் திரும்பவில்லை. பதினொரு நிமிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரேயொரு பெயர் தெளிவாக வந்தது: சுஜிந்தன். பாண்டிருப்புப் பொடியன். அவன் வேலை செய்தது பஜ்ரில்.

வடக்கேயுள்ள படகுகளுக்குச் செய்தி போனது. நான்கு பேரில் மூவரை, மிதந்த ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது எடுத்தார்கள். நான்காமவர், மருதமுனைக்காரர், கிடைக்கவில்லை.

அடுத்த நாள் ஜுனைதா ஒரு பெரிய பாரைமீனோடு வந்து, அழுது, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். தெற்கே போயிருந்தால் நாலு பேரும் மையித்துத்தான் என்று ஊர் சொன்னது. பஸால் அந்த மீனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்த சுஜிந்தனிடம் போனார்.

“அந்த நாலாவது ஆள் எப்ப தம்பி கை விட்டவர்?”

“உங்களோட கதைக்க முதலே போயிட்டார் சேர். செட் நனைய முதலே.”

“சரியாச் சொல்லுங்க. கதைக்க முதலா, கதைச்ச பிறகா?”

“முதல்தான் சேர்.”

இதை என்னிடம் சொல்லும்போது பஸால் மேசையில் விரலால் ஒரு கோடு கீறினார். “பொடியன் நல்லவன். எனக்காகவும் அப்படிச் சொல்லியிரிப்பான். அத எந்த டேப்பிலயும் போட்டுப் பாக்க ஏலாது.”

வயர்லெஸ் அறையில் நாங்கள் இருவர்தான். பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு படகுகள் பெரும்பாலும் பேசுவதில்லை. செட்டில் வெறும் இரைச்சல். கல்முனைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அவர் இரிங்க என்றும் சொல்லவில்லை, போய்ட்டு வாங்க என்றும் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். நான் விட்டு எழும்பிய பிளாஸ்டிக் கதிரையை, யாரோ அதில் உட்காரப் போவதுபோல, ஒரு சாண் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.