கோழிக்குப் பதினோரு மணிக்குத் தீனி

எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு இராத்திரி பதினோரு மணிக்குத் தீனி உண்டு. கோடை வந்துவிட்டால் எருமப்பட்டிப் பக்கத்துப் பண்ணைகளில் இது வழக்கம். பகல் வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்குமே ஒழிய ஒரு கொத்துத் தீவனம் எடுக்காது. அதனால் ஊர் அடங்கியபின் கொட்டகையில் ஒரு மணி நேரம் லைட்டைப் போட்டு, கிளிஞ்சலும் கலந்து வைப்பார்கள். கிளிஞ்சல் தின்றால்தான் முட்டை ஓடு கெட்டியாகுமாம். வயிற்றில் முட்டையை வைத்துக்கொண்டு பாவம் அது பசியோடு படுக்கலாமா என்று என் மாமனார் உருகுவார்.

அதே வீட்டில், அதே கோடையில், நானும் வயிற்றில் ஒன்றை வைத்திருந்தேன். எனக்கு ஏழரை மணிக்கு இரண்டு இட்லி. எட்டு மணிக்கு அடுப்படிக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

நான் சேலத்துப் பக்கம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் ஒன்பதரைக்குத்தான் தோசைக்கல்லே காயும். இங்கே எல்லாரும் விடிகாலை நாலு மணிக்கு எழுகிறவர்கள், ஒன்பதுக்கெல்லாம் குறட்டை. ஐந்தாம் மாதம் பிறந்ததும் எனக்குப் பதினோரு மணிப் பசி தொடங்கியது. சாதாரணப் பசியா அது? தலையணையைப் பார்த்தால் பன் ஞாபகம் வருகிற பசி. மாமியாரிடம் சொன்னேன்.

"ராத்திரியில தின்னா கொழந்த பெருசாயிருஞ் சாமி. அப்பறம் அறுத்துத்தான் எடுக்கோணும். தண்ணியக் குடிச்சுப்போட்டு ஒருக்களிச்சுப் படு, செரியாப் போயிரும்."

குடித்தேன். குடித்த பாவத்துக்குப் பாத்ரூமுக்கு நாலு நடை நடந்தேன். பசி அப்படியே இருந்தது.

படித்தவள்தானே, போனில் தேடினேன். கர்ப்பிணிகளுக்கு இரவில் ஆரோக்கியமான, சுலபமான சிற்றுண்டி. அடேங்கப்பா, என்ன சுலபம்! ஒரு அம்மணி பாதி அவகாடோவைப் பிசைந்து கோதுமை ரொட்டியில் தடவச் சொன்னார். இன்னொருத்தி ஃப்ரிட்ஜைத் திறந்து கைக்குக் கிடைக்கிற புளூபெர்ரியைத் தயிரில் போட்டுக்கொள்ளுங்கள் தோழிகளே என்றாள். எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் கைக்குக் கிடைப்பது கோழிக்குப் போடும் தடுப்பு மருந்து. மூடிவிட்டு வந்து படுத்தேன்.

என் வீட்டுக்காரர் நாமக்கல் போய் ஏதோ எனர்ஜி பார் ஒரு டப்பா வாங்கி வந்தார். மேலே படத்தில் பாதாம், உள்ளே சர்க்கரைப் பாகு. இரண்டே நாளில் நெஞ்செரிச்சல். "ஏனுங்க, கடலைமிட்டாய்க்குக் கோட்டுப் போட்டு வித்திருக்காங்களா?" என்று கேட்டேன்.

"அத்தன வெல சொன்னான் புள்ள, சத்து இல்லாமயா இருக்கும்?" என்றார். மனுஷன் விலையைக் கொண்டே சத்தை அளக்கிறவர்.

ஏழாம் மாதம் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா முகத்தில் சிரிப்பில்லை. மாதத்துக்குத் தகுந்த எடையில் குழந்தை இல்லை என்றார். அடுத்த ஸ்கேனுக்குள் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும், நாள் முந்தியே எடுக்க வேண்டி வந்தாலும் வரும் என்றார். "ராத்திரி என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். தண்ணீர் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பகலில் ஒரு முட்டை, படுக்கப் போகும்போது ஒரு முட்டை, நன்றாக வேகவைத்துச் சாப்பிட வேண்டும், கீறல் விழுந்ததில் கிருமி ஏறும், அது மட்டும் கூடவே கூடாது என்றார். வீட்டுக்காரருக்கு என்ன தொழில் என்று கேட்டார். கோழிப் பண்ணை என்றதும் பேனாவை மூடிவிட்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

கோழிப் பண்ணை வீட்டில் நல்ல முட்டை தின்பதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஓடு முழுசாக இருப்பது முப்பது முப்பதாக அட்டையில் அடுக்கி லாரி ஏறிவிடும். கீறியது வீட்டுக்கு வரும். அதை வேகவைத்தால் பாதி வெந்நீரில் வழியும் என்பதால் ஆம்லெட், பொரியல், இல்லாவிட்டால் குழம்பில் உடைத்து ஊற்றுவது. பத்தாயிரக்கணக்கில் கோழி வளர்க்கிற வீட்டில், கல்யாணமாகி வந்த மூன்று வருஷத்தில், ஒரு முழு அவித்த முட்டையை நான் கண்ணால் கண்டதில்லை.

டாக்டர் சொன்னதை மாமியாரிடம் அப்படியே சொன்னேன்.

"கீறுனா என்ன, உள்ள இருக்கறது முட்டதான? அடுக்குன அட்டையில கை வெக்கப்படாது சாமி. பண்ணைக்கு ஆகாது, கோழிக்குச் சீக்கு வந்துரும்."

சரி, கடையிலாவது வாங்கி வாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். அவர் பதறிப்போனார். "பண்ணைக்காரன் மளிகைக் கடையில முட்ட வாங்கறதா? பண்ணை நொடிச்சுப்போச்சுன்னு ஊரே எழவு விசாரிக்க வந்துரும் புள்ள!" சொல்லிவிட்டுத் தீவனம் கலக்கப் போய்விட்டார். வயிற்றுப் பிள்ளையைவிட ஊர் வாய்க்குப் பயம்.

அன்று இராத்திரியே திருடினேன். எங்கள் படுக்கையறைக்கு அடுத்த சுவர்தான் முட்டை ரூம். மேல் அட்டையிலிருந்து இரண்டை எடுத்தேன். காலிக் குழி தெரியக் கூடாதே என்று, வீட்டுக்கு ஒதுக்கிய கூடையிலிருந்து கீறல் முட்டை இரண்டை எடுத்து, கீறல் கீழே போகும்படி வைத்து அடைத்தேன். நான் படித்த படிப்பு வீண் போகவில்லை. எங்கள் அறையில் இருந்த வெந்நீர் கெட்டிலில் போட்டேன். அது கொதித்தவுடன் தானாக அணைந்துவிடும், நான் மறுபடி அமுக்குவேன். ஆறேழு தடவை அமுக்கினால் முட்டை கல்லாக வெந்திருக்கும். உப்பும் மிளகும் தொட்டு, ஜன்னலோரம் நின்று தின்றேன். எதிரே கொட்டகையில் லைட் எரிந்தது, கோழிகளும் தின்றுகொண்டிருந்தன. அந்த மாதிரி ருசியை நான் அதற்குமுன் அறிந்ததில்லை. வீட்டுக்காரர் புரண்டுகூடப் படுக்கவில்லை.

பதினைந்து நாள் இப்படியே ஓடியது. பதினாறாம் நாள் காலை முட்டை எடுக்கிற வியாபாரி போனில் கத்தினான். மேல் அட்டையெல்லாம் ஒழுகி நாறுகிறதாம். மாமனார் நேரே முட்டை அடுக்குகிற அக்காவிடம் போய், "கண்ணப் பொடனியிலயா வெச்சிருக்கற? நாளையிலிருந்து வேலைக்கு வராத" என்று குதித்தார். அந்த அக்கா பிள்ளைகள்மேல் சத்தியம் செய்து அழுதாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாசலுக்கு வந்தேன். "அவங்கள வையாதீங்க மாமா. நாந்தான் எடுத்துத் தின்னேன்."

மாமனார் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். மாமியார் என்னைப் பார்த்தார். "எத்தன நாளா?"

"பதினஞ்சு நாளாங்கத்தை. கோழிக்குப் பதினோரு மணிக்குத் தீனி போடறீங்க. எனக்குப் போட இந்த ஊட்டுல ஒரு ஆளில்லை. கொழந்த எடையே ஏறலீன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. அதுக்கு ஒன்னு ஆயிருச்சுன்னா அட்டையத் தூக்கி மடியில வெச்சுக் கொஞ்சுவீங்களா?" இன்னும் நாலு நாள் திட்டுவதற்கு வார்த்தை கைவசம் வைத்திருந்தேன்.

மாமியார் எழுந்து முட்டை ரூமுக்குப் போனார். அடுக்கிக் கட்டி வைத்திருந்த அட்டையின் கயிற்றை அவிழ்த்து, மூன்று முட்டையை முந்தானையில் போட்டுக்கொண்டு வந்து அடுப்பில் ஏற்றினார். மாமனார் கொட்டகைப் பக்கம் நழுவினார். அந்த அக்கா மூக்கைச் சிந்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு என் கதவு தட்டப்பட்டது. அவித்த முட்டை, ஒரு டம்ளர் பால், சில நாள் கொஞ்சம் கடலை. நான் தின்று முடிக்கும்வரை மாமியார் எதிரே உட்கார்ந்திருப்பார். பேச்சே இல்லை. எனக்கும் ஜெயித்த திமிர், நானும் பேசவில்லை.

அடுத்த ஸ்கேனில் எடை ஏறியிருந்தது. சேர்க்க வேண்டாம், இப்படியே சாப்பிடுங்கள் என்றார் டாக்டரம்மா. அன்று இராத்திரி தட்டோடு வந்தவரிடம் ரிப்போர்ட்டைச் சொல்லிவிட்டு, சும்மா இருக்க முடியாமல் குத்தினேன். "இப்பக் கொழந்த பெருசாயிருமேங்கத்தை. அறுத்துத்தான எடுக்கோணும்?"

"அறுத்தா அறுக்கட்டும்" என்றார். முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். "எங்க மாமியாளும் எட்டு மணிக்குத்தான் அடுப்படியச் சாத்துவா. உன்ற ஊட்டுக்காரனுக்கு முந்தி ஒன்னு பொறந்துச்சு. பொட்டப்புள்ள. கையகலந்தான் இருந்துச்சு. அவ சொன்னாப்பலயே நோகாமத்தான் பொறந்துச்சு. மூணா நாள் போயிருச்சு."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்தக் கிழவிமேல், இவர்மேல், போனில் முன்பின் தெரியாத நூறு பேரிடம் யோசனை கேட்ட என்மேல். "இத்தன மாசமா ஏனுங்கத்தை எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலை?"

"ஆரு கேட்டா சாமி, இத்தன வருசத்துல?" என்றார். உரித்த முட்டையை என் தட்டில் வைத்தார். "ஆறுது, தின்னு."