சுவக்கீன் செய்த கொடிமரம்

மாட்டுப்பட்டிப் பக்கம் எஸ்டேட் லைனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சுவக்கீனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. மாதா திருவிழாவில் மைக்கில் தன் பெயர் வர வேண்டும். பந்தல் போட்டவன், பாயசம் காய்ச்சியவன் பெயரெல்லாம் வந்தாயிற்று. இவன் பெயர் மட்டும் வந்தபாடில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் புதுக் கொடிமரத்தைச் சும்மாவே செய்து தருவதாக ஏற்றுக்கொண்டான். இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களை இணைத்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

பால் கம்பெனியில் குழாய் வேலை பார்க்கும் பினு எட்டிப் பார்த்தான். "அண்ணே, வெல்டிங்க எதிரும் புதிருமா மாத்தி மாத்திக் கொஞ்சங்கொஞ்சமா வைங்க. நடுவுல ஆற விடுங்க. ஒரே பக்கமாச் சூடு ஏறுனா ஸ்டீலு சுருங்கி இழுத்துரும்."

"போடா! நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வெல்டிங் ஹோல்டர் புடிச்சவன் நான்!"

சாப்பாடானாலும் சண்டையானாலும் சுவக்கீனுக்கு எல்லாமே ஒரே மூச்சு. கரண்டைக் கூட்டி, நிறுத்தாமல் ஓட்டி, சிவந்து கிடந்த இணைப்பின் மேல் ஒரு வாளித் தண்ணீரையும் ஊற்றினான். நிமிர்ந்து பார்த்தால், சனியன், குழாய் கோணிக்கொண்டு நின்றது. மானம் போகிற விஷயமல்லவா? சங்கிலி போட்டு எதிர்ப்பக்கம் இழுத்தான். இழுத்த இழுப்பிலேயே இணைப்பின் மேல் ஒரு இரும்புப் பட்டையை வைத்துப் பற்றவைத்தான். சங்கிலியை அவிழ்த்த பிறகும் கம்பம் நேராகவே நின்றது. இழுப்பு உள்ளேயே இருந்தது. அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

"நெசமா நிக்குமா?" என்றாள் மனைவி ஞானஜோதி.

"மொதல்ல ஒன் வாயக் கழுவு!"

திருவிழாவன்று நாலு பேர் கயிற்றை வெடுக்வெடுக்கென்று இழுத்தார்கள். கொடி உச்சிக்கு ஏறியதும் டப்பென்று ஒரு சத்தம். பட்டை விட்டுக்கொண்டது. கொடிமரம் மெதுவாகக் கோயில் வாசலைப் பார்த்துக் குனிந்தது. குனிந்தபடியே நின்றது. சுவக்கீன் ஞானஜோதியின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான்.

"மாதாவே! கொடிமரம் கும்பிடுது!" என்று கூட்டத்தில் ராசம்மாள் அலறினாள். குலவை கிளம்பியது. திருவிழாக் கமிட்டித் தலைவர் சூசையப்பன் மைக்கைப் பிடித்தார். "சகோதரங்களே! இது மனுசன் கைபட்ட வேலையே இல்ல! இதுக்கு எந்த மனுசன் பேரையும் சொல்லப்படாது!"

சுவக்கீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தான். எதிரே பினு, சிரிப்பை அடக்கமாட்டாமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞானஜோதி இடுப்பில் இடித்தாள். "சொல்லுங்களேன், நாந்தான் வெல்டிங் வச்சேன்னு."

சுவக்கீன் பொத்தென்று முழங்காலில் விழுந்து, எல்லாரையும்விட உரக்க, "மாதாவே!" என்று கத்தினான்.