இருபத்துநாலு ஊக்கும் ஒன்பது மொழியும்

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு மாபெரும் மொழி ஆராய்ச்சி செய்தேன். அதன் முடிவில் என்னை அடிக்காமல் விட்டது எங்கள் நாத்தனாரின் பெருந்தன்மை.

சிவராத்திரியை ஒட்டி அங்கே நாட்டிய விழா நடக்குமே, அதற்குத்தான் போயிருந்தோம். என் நாத்தனார் செல்வியின் மகள் நிவேதா ஆடுகிறாள். வயசு பதினாலு. கடலூர் பக்கத்தில் அவர்கள் ஊரான குடிகாட்டிலிருந்து அந்த மேடைக்குப் போகிற முதல் பெண்! இரண்டு வருஷம் விண்ணப்பம் போட்டு, இந்த வருஷம்தான் இருபது நிமிஷம் கிடைத்தது. அவள் கிளாஸ் பிள்ளைகள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். வேன் முழுக்க விசில்.

எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். ஊக்கு டப்பாவைப் பத்திரமாக வைத்துக்கொள்வது.

ஊக்கு தெரியுமில்லையா? சேஃப்டி பின். பரதநாட்டிய டிரெஸ்ஸைத் தைப்பது என்னவோ டெய்லர்தான். ஆனால் மேடையில் அதை உடம்போடு நிறுத்தி வைப்பது ஊக்குதான். டான்ஸ் டீச்சர் இரண்டு டஜன் எண்ணி டப்பாவில் போட்டு, "மேடம், இத உங்ககிட்ட குடுக்கிறேன். நீங்கதான் பொறுப்பா இருப்பீங்க" என்றார். பாவம், அவருக்கு என்னைச் சரியாகத் தெரியாது.

டப்பா எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊர்ப் பெண்கள் கழுத்திலேயே ஒரு ஸ்டாக் இருக்குமே! செல்வியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; அண்ணியின் தாலிச் செயினில் எப்போதும் பத்துப் பதினோரு ஊக்கு தொங்கும். பாவாடைக்கு நாடா கோர்க்க, காலில் முள் எடுக்க, கேஸ் அடுப்பின் ஓட்டை குத்த — எல்லாத்துக்கும் அங்கிருந்துதான் சப்ளை. நடந்து வந்தால் லேசாகச் சத்தம்கூட வரும்.

அன்றைக்குக் காலையில், கடலூரில் எங்கள் வீட்டில் எல்லோரும் கிளம்பும்போது, இந்த வாய் சும்மா இருந்ததா?

"அண்ணி, கேபிள் டிவிக்காரன் வர்றான். நிவேதா அம்மான்னு உங்களையும் எடுப்பான். இன்னைக்காவது அந்த இரும்புக் கடைய கழட்டி வைங்களேன்."

அண்ணி ஒவ்வொன்றாகக் கழற்றி, கண்ணாடி முன்னால் இருந்த பவுடர் டப்பா மூடியில் போட்டுவிட்டு வந்தார். எனக்கு அப்போது பெருமை வேறு. நாகரிகம் சொல்லிக்கொடுத்துவிட்டேனாம்!

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து கிளாஸ் ரூம்தான் மேக்கப் ரூம். உள்ளே நுழைந்தால்... அப்பப்பா! பெஞ்ச் பெஞ்சாகச் சலங்கை, பூ, கண்ணாடி, ஹேர்பின். ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் பெங்காலி, நடுவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நெற்றிச்சுட்டியோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜாத்திரையில் பலூன்காரனைப் பார்த்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன்.

அப்போதுதான் விஜயவாடாக்காரப் பெண் ஒருத்தி அவசரமாக வந்தாள். தோளில் நழுவிய துணியைப் பிடித்துக்கொண்டே, "பின்னீசு உந்தா ஆன்ட்டி?"

பின்னீசு! கேட்கவே எவ்வளவு இனிப்பு! பாயசத்தில் போடுகிற சாமான் பெயர் மாதிரி இருக்கிறது. டப்பாவைத் திறந்து ஒன்றுக்கு மூன்றாகக் கொடுத்தேன்.

அங்கே பிடித்தது சனி. உடனே நோட்டை எடுத்துவிட்டேன். எழுதுகிறவளுக்கு இருக்கிற வியாதி இதுதான். இந்தப் பத்திக்கு மேட்டர் கிடைத்துவிட்டது என்று உள்ளே ஒரு குதி.

பக்கத்து பெஞ்சுக்குப் போனேன். மைசூர்ப் பெண்ணிடமும் பாலக்காட்டுப் பெண்ணிடமும் ஒரு ஊக்கைத் தூக்கிக் காட்டி, "உங்க பாஷைல இதுக்குப் பேரு?" இரண்டு பேருமே கிட்டத்தட்ட "பின்னு" என்றார்கள். பக்கத்து வீடுகளில் ஒரே குழம்பு மாதிரி. சரி, சொன்னதற்குக் கூலி — ஆளுக்கு இரண்டு ஊக்கு.

கொல்கத்தா அம்மா "சேஃப்டிபின்" என்று ஒரே வார்த்தையாக முழுங்கினார். இதற்கா ஒரு ஊக்கு? தண்டம் என்று நினைத்தாலும் பேச்சு மாறக்கூடாதில்லையா, கொடுத்தேன். பாட்னாக்காரம்மாவும் முதலில் அதையேதான் சொன்னார். நான் விடுவேனா? "உங்க அம்மா என்ன சொல்வாங்க?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே, "பக்சுவா" என்றார். சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்றோ, கண் கலங்கிவிட்டது அவருக்கு. நான் உணர்ச்சிவசப்பட்டு மூன்று ஊக்கு கொடுத்துவிட்டேன்.

மலேசியாவிலிருந்து வந்த தமிழ்ப் பெண், "மலாய்ல பின் பாஜு ஆன்ட்டி. பாஜுன்னா சட்டை" என்றாள். ஜப்பான் பெண் தலையைக் குனிந்து வணங்கி "அன்ஸென் பின்" என்றாள். அன்ஸென் என்றால் பாதுகாப்பாம். பாதி அவர்கள் சரக்கு, பாதி இங்கிலீஷ். நாம் மட்டும் என்ன ஒழுங்கா? கொக்கியின் பெயரான ஹூக்கைக் கொண்டுவந்து பின்னுக்குச் சூட்டி, ஊக்கு என்று கூப்பிடுகிறோம் என்று ஒரு கட்சி சொல்கிறது. இருக்கட்டும், குழந்தை நம்முடையதுதான்.

நான் அசந்துபோனது பாண்டிச்சேரி அம்மா சொன்ன பிரெஞ்சுப் பெயரில். "எபேங்ள் அ நூரிஸ்." அப்படி என்றால் செவிலித்தாயின் ஊசி! பிள்ளைக்குத் துணி கட்டி விடுகிறவள் கையில் இருக்கிற ஊசி. யோசித்துப் பாருங்கள், இங்கிலீஷ்காரன் சேஃப்டியைப் பார்த்தான், பிரெஞ்சுக்காரன் பிள்ளை வளர்க்கிறவளைப் பார்த்தான். இரண்டு பேரும் பார்த்தது ஒரே வளைந்த கம்பியைத்தான்!

இட்லி சாப்பிட்ட வெள்ளைக்காரப் பெண் ஸ்பெயின்காரி. ஒன்பது வருஷமாகச் சென்னையில் தங்கி டான்ஸ் கற்றுக்கொள்கிறாளாம், நம்மை விடச் சுத்தமாகத் தமிழ் பேசுகிறாள். "எங்க ஊர்ல இம்பெர்திப்ளே. தொலைக்க முடியாததுன்னு அர்த்தம்" என்றாள்.

தொலைக்க முடியாததா? எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்! ஊக்கும் சாக்ஸும் தொலைவதற்கென்றே பிறந்தவை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்த சந்தோஷத்தில் டப்பாவில் கையை விட்டு இருந்ததை அள்ளிக் கொடுத்தேன். நோட்டில் மணிமணியாக ஒன்பது மொழி! உலகத்தையே ஒரு ஊக்கில் கோர்த்துவிட்ட மிதப்பு எனக்கு.

அந்த நேரத்தில்தான் நிவேதா கடைசியாக ஒரு தடவை முழங்காலை மடக்கி முழுமண்டி உட்கார்ந்து பார்த்தாள்.

டர்ர்ர்!

முன்னால் விசிறி மாதிரி விரிகிற மடிப்பு இருக்கிறதே, அது இடுப்போடு சேருகிற தையல் ஒரு முழம் விட்டுப்போய்விட்டது. அவள் இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணும் ஆவாது, கம்முனு நில்லு" என்று டீச்சர் என் பக்கம் கையை நீட்டினார். "மேடம், ஊக்கு. ஒரு ஏழெட்டு குடுங்க."

டப்பாவைத் திறந்தேன். உள்ளே கொஞ்சம் பஞ்சு இருந்தது.

"எங்க மேடம்?"

நான் என்னவென்று சொல்ல? தெலுங்குக்குப் போயிற்று, பாட்னாவுக்குப் போயிற்று, ஸ்பெயினுக்குப் போயிற்று என்றா?

மைக்கில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், அடுத்தது நிவேதா. இன்னும் பத்து நிமிஷம். கூப்பிட்டபோது வரவில்லை என்றால் அடுத்த குழுவை ஏற்றிவிடுவார்கள். வரிசையில் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். ஊசி நூல்? அது கடலூரில் தையல் மெஷின் டிராயரில் சுகமாக இருந்தது. கடைக்கு ஓடலாம் என்றால், தேர் நிற்கிற வீதி முழுக்கத் தலை. போய்த் திரும்புவதற்குள் விழாவே முடிந்துவிடும்.

நிவேதா அழவில்லை. அழுதால் கண் மை கரைந்துவிடும் என்று முகத்தை விட்டத்துக்குத் தூக்கி, இமையைக் கொட்டாமல் நின்றாள். "அத்த, ஒண்ணுகூட இல்லியா அத்த?" என்றாள். அந்தக் குரலுக்கு நான் அப்படியே தரைக்குள் போயிருக்கலாம்.

ஓடினேன். கேட்ட மொழியெல்லாம் இப்போது உதவிக்கு வரட்டும் என்று ஓடினேன். பின்னீசுக்காரி மேடையில் ஆடிக்கொண்டிருந்தாள், என் ஊக்கோடு. ஜப்பானைக் காணவே இல்லை. பாட்னா, கொல்கத்தா எல்லாம் முன்பே ஆடி முடித்தவர்கள், இதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள். ஸ்பெயின்காரி மட்டும் பதறிப்போய் இடுப்பைத் திருப்பிக் காட்டினாள். நாலு ஊக்கு, நாலிலும் அவள் மானமே தொங்குகிறது. அப்படியும் ஒன்றைப் பிடுங்கி என் கையில் வைத்தாள். தங்கமான பெண்.

ஒன்றை வைத்துக்கொண்டு என்ன பண்ண?

திரும்பி வந்தபோது அண்ணி வாசலில் நின்றிருந்தார். விஷயம் தெரிந்துவிட்டது. அவர் கை தன்னால் நெஞ்சுக்குப் போயிற்று. செயினைத் தடவிற்று. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிற்று. பிறகு என்னைப் பார்த்தார்.



"அண்ணி, நான்... பேர் கேட்டு எழுதிட்டு இருந்தேன்..."

"பேர அப்புறம் எழுதிக்கலாம் விஜி. மொதல்ல பொருள தேடுவோம்."

சொல்லிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினார். விறுவிறுவென்று பந்தலுக்குள், ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார். சத்துணவுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளைச் சாப்பிட உட்கார வைக்கிற குரல் அது. மைக் தேவையே இல்லை.

"யம்மா! எம் பொண்ணு இப்ப மேடை ஏறணும். துணி கிழிஞ்சி போச்சி. ஊக்கு இருந்தா ஆளுக்கு ஒண்ணு குடுங்கம்மா!"

அவ்வளவுதான்.

அடுத்த நொடியில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! பந்தல் முழுக்க, முன் வரிசை பட்டுப் புடவையிலிருந்து பின்னால் கைக்குழந்தையோடு நின்றவர் வரை, அத்தனை பெண்களின் கையும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்குப் போயிற்று. முந்தானைக்குள் துழாவினார்கள். செயினை வெளியே இழுத்தார்கள். பல்லால் கடித்துத் திறந்தார்கள். "தோ, என்கிட்ட ரெண்டு இருக்கு!" "இந்தாம்மா, பெருசா வேணுமா, சிறுசா?" "துரு புடிச்சிருக்கு, பரவால்லியா?" பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மா தலைத் துணியிலிருந்தே ஒன்றை எடுத்துவிட்டு, துணியைக் கையால் பிடித்துக்கொண்டார். பந்தோபஸ்துக்கு நின்ற பெண் போலீஸ் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, சட்டைக்கு உள்பக்கமிருந்து ஒன்றை உருவி நீட்டினார். "சீக்கிரம் போம்மா, சார் பாக்கறதுக்குள்ள."

அண்ணியின் முந்தானையில் ஊக்கு கொட்டிக்கொண்டே இருந்தது. நான் பறிகொடுத்ததை விட ஜாஸ்தி! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. அங்கே நின்று சத்தமாக அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

டீச்சர் கை மெஷின் மாதிரி ஓடியது. மடிப்புக்கு ஒன்று, இடுப்புக்கு நாலு, சந்தேகத்துக்கு மூன்று. நிவேதா மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தாள். மைக்கில் பேர் வந்தபோது அவள் மேடைப் படியில் இருந்தாள்.

இந்த வாரம் உங்களுக்குப் பெரிய தத்துவம் எதுவும் என்னிடம் இல்லை. ஒன்பது மொழியில் பேர் தெரிந்த ஒருத்தி கையில் ஒரு ஊக்கும் இல்லை. ஒரே ஒரு மொழி தெரிந்த எங்கள் அண்ணி ஒரு முந்தானை நிறையக் கொண்டுவந்தார். ஆராய்ச்சி முடிவு இவ்வளவுதான்.

அண்ணியை முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்ததால் நான் பின்னால் போய் ஜமக்காளத்து ஓரத்தில் உட்கார்ந்தேன். நிவேதா ஆடினாள். ஆடினாள் என்றால்... விசிறி மடிப்பு விரிந்து விரிந்து மூடுகிறது, ஒரு இழை பிசகவில்லை. வேன் பிள்ளைகள் விசிலடித்து, அதற்குப் போலீஸ் அதட்டல் வாங்கி, மறுபடியும் அடித்தார்கள்.

எனக்கு முன்னால் ஒரு அம்மா. மடியில் மல்லாட்டைப் பொட்டலம். உரித்த கடலை உரித்தபடியே கையில் இருக்கிறது, வாயில் போடவில்லை. நிவேதா ஒவ்வொரு தடவை உட்கார்ந்து எழும்போதும் "ஐயோ, பாத்து... பாத்து..." என்று இவரும் கூடவே எழுந்து எழுந்து உட்காருகிறார். ஆடி முடிந்ததும் கை வலிக்கத் தட்டினார். கண்ணில் தண்ணீர் வேறு.

பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "ஆடுனது ஒம் பொண்ணா?"

"இல்லம்மா. யாரு பெத்த பொண்ணோ" என்றார் அந்த அம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "இடுப்புல எடது பக்கம் மூணாவது மடிப்பு தெரியுது பாரு... அந்த ஊக்கு என்னுது."