மாரப்பன் மாமாவின் தூக்குப்போசி

"ஏன் அம்மிணி, இந்த மேரக்காய்க்கு என்னதான் ருசி?"

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கீர்த்திவாசன் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் தலைக்கு மேலே இருந்த மேரக்காய்ப் பந்தலை அன்றுதான் வெட்டுவதாக இருந்தார். நான் சரியாக ஒரு பதில் சொல்லியிருந்தால் பந்தல் பிழைத்திருக்கும். பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அருவங்காட்டில் பிறந்து அந்தக் காயைத் தின்றே வளர்ந்திருக்கிறேன். இருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் நல்லவர். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனார்.

அந்தப் பந்தலைப் போட்டவர் மாரப்பன் மாமா. அன்னூர்ப் பக்கத்துக்காரர். இளவயதில் தொழிற்சாலை வேலைக்கு மலையேறி வந்தவர், ஓய்வு பெறும்வரை எங்கள் பக்கத்துக் குவார்ட்டர்ஸில்தான் இருந்தார். வீட்டில் சமையல் அவருடையது. சுசீலா அத்தை தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டார். மாமாவும் எழுந்திருக்கச் சொன்னதில்லை.

வீட்டு முன்னால் பீன்ஸ், முட்டைக்கோஸ், முள்ளங்கி எல்லாம் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றையும் காட்டெருமை தின்றது. பந்தல் உயரமாக இருந்ததால் மேரக்காய் மட்டும் தப்பியது. அதனால் அவர் மேரக்காய் சமைத்தார். கீழே சமவெளியில் இதையே சௌசௌ என்று காசு கொடுத்து வாங்குகிறார்களாம். எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் இனாமாகக் கொடுத்தாலும் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எல்லார் வீட்டிலும் அது காய்க்கிறது.

முதல் நாள் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு. மிஞ்சினால் மறுநாள் அதில் புளி கரைத்து ஊற்றிக் குழம்பு. அதுவும் மிஞ்சினால் சுண்டவைத்துப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். தோலையும் எறிய மாட்டார். வதக்கி, உளுந்தும் மிளகாயும் வறுத்துச் சேர்த்துத் துவையல் அரைப்பார். கொடியின் கொழுந்தைக் கிள்ளிப் பொரியல் செய்வார். அந்த வீட்டில் எதையும் கீழே கொட்டி நான் பார்த்ததில்லை.

"நாலு நாளா ஒரே காய்க்கு வேசம் மாத்தி மாத்தி மேடையேத்தறாரு," என்பார் அத்தை. சாப்பிட்டுக்கொண்டேதான் சொல்வார்.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கடைவீதியில் ஒரு மாடி வீட்டுக்குப் போனார்கள். அங்கே மண் கிடையாது. வாளியில் நடலாம் என்று முளைவிட்ட மேரக்காய் ஒன்றை மாமா எடுத்துப் போனார்.

"மாடியில பந்தல் போட்டீங்கன்னா ஊட்டுக்காரரு நம்மளை எறக்கி உட்ருவாரு," என்றார் அத்தை.

மாமா யோசித்தார். அதையும் குழம்பு வைத்தார்.

காலியான வீட்டுக்குக் கோயமுத்தூரிலிருந்து கீர்த்திவாசன் அண்ணனும் அவர் மனைவி இந்து அக்காவும் வந்தார்கள். அவர்களிடம் ஒரு புதுக் கார் இருந்தது. கார் நிற்க வேண்டிய இடத்தில் பந்தல் நின்றது. அடுத்த ஞாயிறு வெட்டிவிடுவதாக அண்ணன் லைன் முழுக்கச் சொல்லிவிட்டார். செய்தி மாடி வீட்டுக்கும் போய்விட்டது. மாமா இறங்கி வந்தார்.

"ஏனுங் தம்பி, கொடி நல்ல காய்ப்புல இருக்குதுங்க. வெட்டாம உட்டா புண்ணியமாப் போகும்."

"பாக்கலாமுங்க," என்றார் அண்ணன்.

எங்கள் பக்கத்தில் 'பாக்கலாமுங்க' என்று சொன்ன யாரும் பிறகு பார்த்ததில்லை. மாமாவுக்கும் இது தெரியும். கெஞ்சுவது அவருக்கு வராது, சமைக்கத்தான் வரும். காயைத் தின்று பார்த்துவிட்டால் கொடியை வெட்ட மனசு வராது என்று நினைத்தார். நாலு காய் பறித்துப் போனவர், மறுநாள் மூடி போட்ட தூக்குப்போசி நிறையக் கூட்டோடு வந்து இந்து அக்காவிடம் கொடுத்தார்.

சாயங்காலம் அக்கா போசியைக் கழுவி, மாமா வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். நான் அப்போது அத்தையிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். மாமா மூடியைத் திறந்தார். உள்ளே பச்சை மேரக்காய்.

"நம்ம காயை நம்மகிட்டயே குடுத்துட்டாங்க," என்றார். "வேண்டாமுங்கறதை இதைவிடத் தெளிவாச் சொல்ல முடியாது."

அத்தை தலை நிமிராமல் தைத்தார். "வேண்டாம்னா கூட்டையில்ல திருப்பிக் குடுத்திருக்கோணும்? போசி வழிச்சுக் கழுவி வந்திருக்குது."

மாமாவுக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. ஆனால் காய் வந்துவிட்டது, எறிய முடியாது. சமைத்தார். சமைத்ததைக் கொடுக்க அவருக்கு ஒரு வீடுதான் தெரியும். மறுநாள் துவையல் போனது. காய் வந்தது. பொரியல் போனது. அதைவிட அதிகமாகக் காய் வந்தது. வரவரக் காய் கூடி, மாடி வீட்டில் மிச்சமும் கூடியது.

"அவுங்க பறிச்சு நமக்குக் குடுக்கறாங்க. நாம ஆக்கி அவுங்களுக்குக் குடுக்கறோம். இதுக்கு என்னங்க பேரு?" என்று அத்தை கேட்டார்.

"சமையலு," என்றார் மாமா.

சனிக்கிழமை அண்ணன் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது இந்த நிலையில்தான். ஐந்தாறு நாளாக அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேகம் இறங்கியிருந்தது. அண்ணன் அரிவாளோடு பந்தலடியில் நின்றார். மாமா தூக்குப்போசியோடு வாசல் கேட் அருகில் வந்து நின்றார். அரிவாளைப் பார்த்தார். நான் வேலியோரம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மேகத்தில் எதுவும் காயாது. அது எல்லாருக்கும் தெரியும்.

இந்து அக்கா வெளியே வந்து போசியை வாங்கிக்கொண்டார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

"இதை வெட்டீட்டா நான் போசியில எதைப் போட்டுக் குடுக்கறது?"

"எந்தப் போசியில?"

"இந்தப் போசியிலதான். வந்த பாத்திரத்தைச் சும்மா திருப்பிக் குடுக்கலாமா? எங்கம்மா கேட்டா என்ன சொல்லுவாங்க? ஊட்ல ஒண்ணுமில்லன்னுதான் தெனமும் இந்தக் கொடியில பறிச்சுப் போடறேன்."

மாமா அப்போதுதான் முழுதாக நிமிர்ந்தார்.

"சக்கரை போட்டுக் குடு," என்றார் அண்ணன்.

"தெனமும் சக்கரை போட்டா நீங்க காப்பிக்கு என்ன போட்டுக் குடிப்பீங்க?"

"அப்படின்னா இனிமே கொண்டுவர வேண்டாமுன்னு சொல்லீரு."

"நீங்களே சொல்லுங்க. எதுத்தாப்புலதானே நிக்கறாரு. நேத்து பொரியலுக்கு ரெண்டு தரம் சோறு வாங்குனதையும் சேத்துச் சொல்லுங்க."

அண்ணன் மாமாவைப் பார்த்தார். மாமா பந்தலைப் பார்த்தார்.

"இன்னைக்கு என்னங்க?" என்று அண்ணன் கடைசியில் கேட்டார்.

"அடைங்க," என்றார் மாமா. பொய் சொல்லத் தெரியாதவர். "நேத்தைய கூட்டு மிஞ்சிப் போச்சு. மாவுல கலந்து ஊத்துனேன். மிச்சம்தானுங்க. குடுக்கலாமான்னு யோசனையாத்தான் இருந்துது."

அண்ணன் அரிவாளைப் பந்தல் காலில் சாய்த்து வைத்துவிட்டு, நின்றபடியே ஓர் அடையைப் பிய்த்துத் தின்றார். பிறகு இன்னொன்று. மூன்றாவதைப் பாதி தின்றுகொண்டிருக்கும்போது, "காரு ரோட்லயே நிக்கட்டும்," என்றார்.

கார் ரோட்டில்தான் நிற்கிறது. போன மாதம் ஒரு காட்டெருமை அதில் முதுகைச் சொறிந்துகொண்டதில் ஒரு பக்கக் கண்ணாடி போய்விட்டது. அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இப்போது அக்காவும் சமைக்கிறார். சில நாள் அவர் போசி முதலில் மாடிக்குப் போகிறது. அன்றைக்கு மாமா எதைப் போட்டுத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல், பந்தலுக்கு வந்து காய் பறித்து அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போகிறார். அக்கா நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார்.

கேள்விக்கு இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். மேரக்காய்க்கு ருசி கிடையாது. நேற்று மிஞ்சியது எதுவோ அதன் ருசிதான் அதற்கும். அண்ணன் மறுபடி கேட்கவில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

இதைப் படித்தவர்கள் இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். மலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் யாராவது தெரிந்தால் அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். வரும்போது பெரிய போசியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.