எண்ணாகாத ஒரு மூட்டை சாமை

நாற்பத்தொன்பது வயதில், கல்லூரியில் கணிதத்தை ஒரு பாடமாகப் படித்துத் தேறியவனாகிய நான், பன்னிரண்டையும் எட்டையும் ஐந்தையும் கூட்டி ஆயிரத்து இருநூற்று எண்பத்தைந்து என்று விடை சொன்னேன். வீட்டுக்குள் சொல்லியிருந்தால் போகட்டும். இணையத்தில், பச்சை நிறத்தில், கொட்டை எழுத்தில் சொன்னேன்.

ஜவ்வாது மலைக்கு நான் குடிவந்தது அமைதியாக உட்கார்ந்து எழுத. அமைதி கிடைத்தது, எழுத்துதான் வரவில்லை. மிச்சமிருந்த நேரத்தில் வீடியோ பார்த்து இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொண்டேன். கற்றதை யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியாது என்பது இந்த வயதின் வியாதி. எங்கள் தெருவில் குடியிருந்த மகளிர் குழுத் தலைவி மாட்டினார்.

அவருடைய பிரச்சினை எளியது. ஏழு ஊர்களில் குழுவினர் சாமை விளைவிக்கிறார்கள். எந்த ஊரில் எத்தனை மூட்டை என்று திருப்பத்தூர் மில்லுக்குச் சொன்னால், அதற்குத் தக்க வண்டி மலையேறி வரும். மூட்டை இருக்கிற ஊர்களில் மட்டும் நிற்கும். போன வருஷம் எண்ணிக்கை பிசகி, ஒரு வீட்டுச் சாமை ரோட்டோரமே நின்று, மழையில் நனைந்து முளைத்துவிட்டது.

“இந்த வாட்டி ஒரு மூட்டைகூட நிக்கக் கூடாது சார். ஊர் ஊரா போய் வாக்கு குட்த்துட்டு வந்துகீறேன்” என்றார்.

“என்கிட்ட விட்டுடுங்க” என்றேன். இந்த வாக்கியத்தை நான் சொல்லி நல்லபடியாக முடிந்த காரியம் எதுவும் இப்போது நினைவுக்கு வரவில்லை.

ஏழு ஊருக்கு ஏழு பெட்டி, கீழே கூட்டுத்தொகை. ஊருக்கு ஒருவர் தங்கள் போனிலிருந்தே எண்ணிக்கையைத் தட்டிவிடலாம். மூன்று ஊர்களை வைத்து வெள்ளோட்டம் விட்டேன். ஐந்து நிமிடத்தில், பக்கத்தைப் பார்த்துவிட்டு மில்காரர் கூப்பிட்டார்.

“இன்னா சார், மலையவே பேத்து அனுப்பறீங்களா? ஆயிரத்தி எர்நூறு மூட்டைக்கு ரயிலுதான் வரணும்.”

விஷயம் இதுதான். பெட்டியில் மனிதன் எதைத் தட்டினாலும் கணினிக்கு அது வெறும் எழுத்து. பன்னிரண்டு என்பது அதற்கு ஓர் அளவு அல்ல. ஒன்று என்ற குறிக்குப் பக்கத்தில் இரண்டு என்ற குறி. எழுத்துகளுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டித் தந்துவிடும். கூட்டுவதற்கு முன் ‘இதை எண்ணாக மாற்றிக்கொள்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் பாடத்திலேயே இருக்கிறது. முதல் பாடத்தை நான் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

மாற்றச் சொன்னேன். இருபத்தைந்து வந்தது. உடனே ஓர் ஊரிலிருந்து ‘14 மூட்டை’ என்று தட்டினார்கள். மாற்றுகிற வேலைக்கு நான் வைத்திருந்த கட்டளை தாலுகா ஆபீஸ் ஜன்னல் மாதிரி. ஓர் எழுத்து கூடினாலும் மனுவை மொத்தமாகத் திருப்பிவிடும். ‘எண் அல்ல’ என்று அது கைவிரிக்க, கூட்டுத்தொகையும் சேர்ந்து ‘எண் அல்ல’ என்றாகிவிட்டது. இன்னொரு கட்டளை கொஞ்சம் இளகிய மனசு. முன்னால் இருக்கும் எண்ணை எடுத்துக்கொண்டு பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. அதைப் போட்டேன். அப்படியும் எண்ணாகாதது எதுவோ அதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன். பெட்டியைக் காலியாக விடுகிற ஊருக்காக எழுதிய வரி. எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

புதன்கிழமை ஏழு ஊரும் தட்டின. கூட்டுத்தொகை அறுபத்தொன்று. தலைவி பார்த்தார், மில்லில் பார்த்தார்கள், யாரும் ரயிலைப் பற்றிப் பேசவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைவி போன் செய்தார்.

“சார், கடைசி ஊர்ல வண்டி நிக்காம போய்ட்டுதாம். அந்தம்மா மூட்டையோட ரோட்ல குந்திகினு கீது. மேல பாத்தீங்களா, வானம் எப்டி கீதுன்னு?”

ஸ்கூட்டரில் போனேன். என் வயதிருக்கும் ஒரு பெண்மணி, மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“எத்தனைன்னு போட்டீங்கம்மா?”

“சரியாத்தான் சார் போட்டேன். தோ பாருங்க.”

போனை நீட்டினார். பெட்டியில் ‘லாபம்’ என்று இருந்தது.

இந்தப் பக்கம் களத்தில் தானியம் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று எண்ணமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். மூட்டை எண்ணினாலும் அப்படியே. எனக்குத் தெரியாத வழக்கம் என்று தப்பித்துக்கொள்ளவும் முடியாது. அதை மெச்சி ஒரு பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த ஊரில் இந்த வருஷம் சாமை போட்டவர் அவர் ஒருவர்தான், விளைந்தது ஒரே மூட்டை. போனில் மைக்கைத் தொட்டு, களத்தில் சொல்கிற மாதிரியே சொல்லியிருக்கிறார். போன் பிழையில்லாமல் எழுதிக்கொண்டது. நான் மரியாதை வைத்திருந்த அந்தக் கடைசி வரி அதைப் பூஜ்யமாக்கி, வண்டியை நேராக ஓட்டிப் போகச் சொல்லிவிட்டது.

மூட்டையைக் கால்களுக்கு நடுவே வைத்து, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு துரத்தினேன். இறக்கம் தொடங்கும் இடத்து டீக்கடையில் வண்டி நின்றிருந்தது. டிரைவர் பட்டியலைப் பார்த்தார்.

“அந்த ஊருக்கு சைபர்னு கீதே சார்.”

“அது தப்பு.”

“யாரு போட்டது?”

“நான்தான்.”

“அப்டி சொல்லுங்க” என்று மேலே ஏறி, இருந்த மூட்டைகளின் தலையில் இதையும் வைத்துக் கயிறு இறுக்கினார். தார்ப்பாயை இழுத்து மூடும்போது முதல் தூறல் விழுந்தது.

மழை விடும்வரை டீக்கடையில் ஒதுங்கினோம். அந்த அம்மாவிடம் மன்னிப்பு கேட்டேன். அதோடு நிறுத்தாமல், எழுத்து என்றால் என்ன, எண் என்றால் என்ன, ஒன்றை மற்றதாக மாற்றும்போது எங்கே சறுக்குகிறது என்று கடைசிவரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்:

“ஏழு ஊருதான சார்? ஏழு போன் போட்டுக் கேட்டிருந்தா, கையில கீற டீ ஆர்றதுக்குள்ள முடிஞ்சிருக்குமே.”