முகமூடிக்காரியின் சட்டை

அந்தப் படக்கதைப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது. சின்னசேலம் ரயிலடிப் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் கட்டுக்கட்டாகக் கிடந்ததிலிருந்து அக்கா உருவிக்கொண்டு வந்தது. அட்டை இல்லாததால் கதைக்குப் பெயர் என்ன, எந்த தேசத்துக் கதை என்று எதுவும் எங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரன் வரைந்ததை மெட்ராஸில் யாரோ உட்கார்ந்து தமிழாக்கியிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. ஏனென்றால் அதில் வழிப்பறிக்காரன்கூட "உமது ஆணவம் இன்றோடு ஒழிந்தது" என்றுதான் பேசுவான். எங்கள் கல்வராயன் மலையில் ஒருத்தன் அப்படிப் பேசினால் பூசாரியைக் கூட்டிவந்து வேப்பிலை அடித்திருப்பார்கள்.

அக்கா அப்போது சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்கு தோல் சீவப் போய்க்கொண்டிருந்தாள். மலையிலிருந்து பெண்கள் கும்பலாக இறங்குவார்கள், மில் கொட்டகையிலேயே தங்குவார்கள், சீசன் முடிந்தால் ஏறி வருவார்கள். அவள் ஐந்தாவதோடு நின்றவள். வீட்டில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தியைத்தான் படிக்கவைக்க முடியும் என்று ஆனபோது, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அவள் சீவுகத்தியை எடுத்துக்கொண்டாள். அவள் அனுப்பிய கூலியில்தான் நான் மலையில் இருந்த உறைவிடப் பள்ளியில் ஒன்பதாவது வரை வந்திருந்தேன்.

அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒரு வரி முடிப்பதற்குள் அடுப்பில் சாமைச் சோறு குழைந்துவிடும். அதனால் நான் வாய்விட்டுப் படிக்க, அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

கதை இதுதான். ஒரு துறைமுகப் பட்டினம். அதைப் பல வருஷமாக ஒரு முகமூடி வீரன் காத்து வருகிறான். அவன் யாரென்று எவருக்கும் தெரியாது, ஒரு பெண்ணைத் தவிர. அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் தண்ணீரையும் உப்பையும் சோதித்துப் பார்க்கும் சின்ன வயசு விஞ்ஞானி. குண்டடிபட்டு வந்த வீரன் அவளுடைய மேசைக்குக் கீழே விழுந்து செத்துப்போகிறான். அவன் செத்தது தெரிந்தால் ஊர் கொள்ளை போய்விடும். அதனால் அவள் முகமூடியை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். அவனுக்கு இருந்த புஜபலம் அவளுக்குக் கிடையாது. கண்ணாடிப் புட்டிகளும் காந்தமும் ஆசிட்டும்தான் அவளுக்கு ஆயுதம். இரும்புப் பூட்டில் ஆசிட்டை ஊற்றி அவள் கதவைத் திறக்கும் பக்கத்தை அக்கா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாள்.

"பார்ரீ, கைக்கு ஒறை போட்டுக்கினு ஊத்துது," என்றாள் ஒருதரம். மில்லில் ஈரத்திலேயே கிடந்து அவளுடைய விரல் நுனிகள் வெந்து உரிந்திருந்தன. "வெவரமான பொண்ணு."

எங்களுக்கு அதைவிடப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. வீரனுடைய சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. உடனே அவள் ஊசி நூல் எடுத்து ஆராய்ச்சிக்கூடத்து விளக்கடியில் உட்கார்ந்து அதைப் பிடித்துத் தைக்கிறாள். "இது எனக்கென்று தைத்த சட்டை அல்ல. ஆயினும் இனி இது என்னுடையது" என்று எழுதியிருக்கும். உலகத்தைக் காக்கப் போகிறவள் முதலில் ஜாக்கெட் பிடிக்கிறாள் பார் என்று நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த பாகத்தில் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் "தொடரும்" என்று போட்டிருந்தது. அக்கா அந்தப் பேப்பர் கடைக்கு எத்தனையோ நடை நடந்தாள், அடுத்தது அகப்படவே இல்லை.

"நீயும் அதுமேரி புட்டி வச்சிக்கினு வேலை செய்யணும்டி," என்று அவள் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. "கெயங்கு சீவறது என்னோட போவட்டும்."

பத்தாவது முடித்ததும் கள்ளக்குறிச்சிக்கு வந்து, ஹாஸ்டலில் தங்கி, ப்ளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் சேர்ந்தேன். ஆய்வகத்தில் எனக்கென்று ஒரு மேசை, அதன் மேல் புட்டிகள். முதல்நாள் அந்த நெடி மூக்கில் ஏறியதும் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். உப்பு கண்டுபிடிக்கும் சோதனையில் நான் கெட்டிக்காரி. குழாயின் ஓரமாக ஆசிட்டை மெதுவாக இறக்கினால் நடுவில் பழுப்பாக ஒரு வளையம் எழும். அது எழும்போது நான் மூச்சு விடமாட்டேன். வாழ்க்கையில் நான் முழுசாக நானாக இருந்தது அந்த மேசைக்கு முன்னால் மட்டும்தான்.

அதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் ஆகி, வெள்ளிமலை தாண்டி ஒரு ஊரில் இருந்தாள். மாமா அதிர்ந்து பேசாத மனிதர், கொஞ்சம் சாமைக்காடும் மரவள்ளியும் வைத்திருந்தார். பெண் குழந்தை ஒன்று பிறந்து, அது நடை பழகும் முன்பே அக்கா இன்னொன்றைச் சுமந்தாள். மழைக்காலத்தில் ஒருநாள் அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. போர்வையில் தூளி கட்டி மண்பாதையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தார் ரோட்டில் ஜீப் காத்திருந்தது. ஜீப்புக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

எனக்குத் தகவல் வந்து, கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி, நான் மேலே போவதற்குள் மண் போட்டுவிட்டார்கள். அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. குழந்தைதான் என் குரலைக் கேட்டதும் தாவியது. எனக்கும் அக்காவுக்கும் ஒரே குரல், அதனால் இருக்கும். கருமாதி வரைக்கும் அது என் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

எங்கள் வகையறாவில் கருமாதி அன்று ஒரு வழக்கம் இருக்கிறது. அது எனக்குத் தெரியாது. படிக்கப் போன பெண்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. சடங்கு முடிந்து இரண்டு பக்கத்துச் சொந்தமும் பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது, செத்தவளின் குழந்தையை மாமியார் கையில் ஏந்தி வந்து நடுவில் நிற்பாள். எந்தப் பெண் அதை மடியில் வாங்குகிறாளோ, அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதாக வாக்குக் கொடுத்தாள் என்று அர்த்தம்.

அக்காவின் மாமியாரான அத்தை குழந்தையை எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது அது என்னைப் பார்த்துக் கத்தி அழுதது. பந்தல் முழுக்க ஆள். யாரும் அதை வாங்கவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நான் கை நீட்டினேன். குழந்தை என் மடிக்கு வந்து மூக்கை என் புடவையில் துடைத்துக்கொண்டு அடங்கியது. பந்தலும் அதோடு அடங்கியது. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தலையைக் குனிந்ததைப் பார்த்தேன், அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

"பொண்ணு கொயந்தய வாங்கிக்கிச்சி," என்றார் ஒரு பெரியவர். "அப்பறம் இன்னா பேச்சு? தை பொறந்தா வச்சிக்கலாம்."

"இன்னா வச்சிக்கிறது?" என்று நான் கேட்டேன். ஒருத்தி சிரித்தாள்.

புரிந்ததும் எனக்குப் பரீட்சை இருக்கிறது என்றேன். பிராக்டிகல் இருக்கிறது என்றேன். அந்த வார்த்தை அங்கே யாருக்கும் எதுவாகவும் இல்லை. குழந்தை அழுதது, அதனால் வாங்கினேன், எனக்கு இந்த வழக்கம் தெரியாது என்று அம்மாவிடம், அப்பாவிடம், அந்தப் பெரியவரிடம் தனித்தனியாகச் சொன்னேன். பெரியவர் கோபப்படக்கூட இல்லை.

"தெரிஞ்சி வாங்கினா இன்னா, தெரியாம வாங்கினா இன்னாம்மா? எல்லாரு முன்னாடியும் வாங்கிட்ட. இப்ப எறக்கி வுட்டா அந்தக் கொயந்தைய எவ தொடுவா?"

நான் குழந்தையை இறக்கி விடவில்லை.

தை மாதம் முகூர்த்தத்துக்கு முன்னால், அம்மா வாசலில் உட்கார்ந்து அக்காவின் ஜாக்கெட்டுகளைப் பக்கவாட்டில் பிரித்து எனக்கு அளவாகப் பிடித்துத் தைத்தாள். புதுத்துணி எடுக்கும் நிலைமையில் யாரும் இல்லை. நான் கை தூக்கி நின்றேன், அம்மா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பை அளந்தாள். துவைத்து வைத்திருந்தும் அக்குள் பக்கம் அக்காவின் வாசனை இருந்தது. எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. விளக்கு, ஊசி, தொளதொளத்த சட்டை. நான் சிரித்துவிட்டேன். அம்மா பயந்துபோய் என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

அந்த முகமூடிக்காரியின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. அவளுக்கு யோசிக்க ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தார்கள். ஜன்னல் ஓரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டு, செய்யலாமா கூடாதா என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். பகலில் ஆராய்ச்சிக்கூடம், இரவில் முகமூடி. அவளிடமிருந்து புட்டியை எவனும் பிடுங்கவில்லை. பிராக்டிகல் அன்று நான் மாமாவின் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் என்னோடு இருந்தவள் பிற்பாடு சொன்னாள், என் மேசை காலியாகவே இருந்ததாம். அக்காவின் இடத்துக்குக் கருமாதிக்குள் ஆள் கிடைத்துவிட்டது. என் இடத்துக்கு ஒருவரும் தேவைப்படவில்லை.

மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். கல்யாணத்துக்கு முதல்நாளே அத்தை சுவரிலிருந்து அக்காவின் போட்டோவை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள், புதிதாக வருகிறவள் மனசு நோகக்கூடாதாம். நான் திரும்ப மாட்டச் சொன்னபோது, "இன்னாத்துக்கு, நீதான் கீறியே," என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதன் பிறகு அந்த வீட்டில் அக்காவைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் கட்டிய மாட்டுக்கு நான் தண்ணீர் காட்டினேன், அவள் பெற்ற பெண் என்னை அம்மா என்றது. அக்காவுக்காக நான் அழுதால்கூட, வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவள் அழலாமா என்றார்கள்.

கதையில் செத்துப்போன அந்த வீரனுக்காக ஊரில் ஒருத்தரும் அழவில்லை. சட்டைதான் நடமாடுகிறதே, அவன் செத்தது யாருக்குத் தெரியும்? சின்ன வயசில் அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்து நாங்கள் கை தட்டினோம். நான் வந்து நின்றதால்தான் அக்கா இல்லாமல் போனது யாருக்கும் தெரியவில்லை. நான் எங்கே போனேன் என்று கேட்கவும் ஆள் இல்லை.

அந்தப் பந்தலிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் எதைக் கொடுத்தாலும் நான் கை நீட்டி வாங்குவதில்லை. சந்தையில் கீரை விற்கிறவளிடம்கூட, "கீழ வை," என்பேன். அவள் தரையில் வைத்த பிறகு எடுத்துக்கொள்வேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை எனக்கு முன்னால் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுவாள்.

அவளிடம் நான் எதையும் மறைக்கவில்லை. விவரம் தெரிந்த வயசில் உட்காரவைத்து, இது உன் பெரியம்மா மட்டும் அல்ல, இதுதான் உன்னைப் பெற்றவள் என்று போட்டோவைக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் போட்டோவைப் பார்த்துவிட்டு, "உன்னமேரியே கீறாங்க," என்றாள். என்னை அம்மா என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தவில்லை.

அவள் நன்றாகப் படித்தாள். எனக்குள் செத்துப்போயிருந்த ஒன்று அவளுடைய மார்க்கைப் பார்த்துப் பார்த்து மெல்ல எழுந்து உட்கார்ந்தது. கள்ளக்குறிச்சி, அதே சயின்ஸ் குரூப், அதே நெடி. பத்தாவது ரிசல்ட் வந்த அன்று பெட்டியின் அடியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். தாள் பழுத்து ஓரமெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. மரவள்ளிக் கொல்லையைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள் அவள். பக்கத்தில் போய் உட்கார்ந்து அக்கா எப்படிக் கேட்டாள், நான் எப்படிப் படித்தேன், அந்தப் பெண் எப்படி ஆசிட் ஊற்றினாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். "நீ சயின்ஸ் எடுத்துக்கோ. எனக்காவ இல்ல, உங்கம்மாவுக்காவ," என்று புத்தகத்தை அவளுடைய மடிப் பக்கம் நீட்டினேன்.

அவள் எங்கேயோ பார்த்தாள். தனக்குக் கணக்குப்பதிவியல் குரூப்தான் பிடிக்கும் என்று வாத்தியாரிடம் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அவள் முகத்தில் கோபம் இல்லை, என் மேல் பரிதாபம்தான் இருந்தது. கை இரண்டையும் முட்டிக்குக் கீழே கோத்து வைத்துக்கொண்டாள்.

"கீழ வைம்மா," என்றாள்.

படியில் வைத்தேன். காற்றில் ஒரு தாள் கழன்று கொல்லைப் பக்கம் போனது, அவளும் எழவில்லை, நானும் எழவில்லை. நான் அன்றைக்குப் பந்தலில் சொல்லத் தெரியாமல் விட்டதை என் பெண் சொல்லிவிட்டாள், அதுவும் என்னிடமே சொன்னாள். அவள் பிழைத்துக்கொள்வாள். எனக்குத்தான் அதற்கப்புறம் எதிர்பார்க்க ஒன்றும் இல்லை.